எட்டில் ஒரு பங்கு பெரிய கால்

நான் செய்த முதல் தவறு, முன்னாள் ராணுவத்தினர் ஐந்து பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்து, "பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு, சுத்தி என்ன சத்தம் கேக்குதோ அதை மட்டும் கேளுங்க" என்று சொன்னது.

கேட்டார்கள். மிக நன்றாகவே கேட்டார்கள். பத்தாவது நிமிடம் நான் மெல்லிய குரலில், பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே இழுவையோடு, "இப்ப எப்படி இருக்குது?" என்றேன். முதல் ஆள் விறைத்து நிமிர்ந்தார்.

"கிழக்கே மயிலு ரெண்டு. தூரம் இருநூறு மீட்டர். கடலைக்கொல்லை பக்கமா நகருது."

"வடக்கே டிராக்டர் ஒண்ணு. லோடு ஏத்தியிருக்கு."

மூன்றாமவர் பீரங்கிப் படையில் இருந்து காதைப் பறிகொடுத்த ஹவில்தார். ஊருக்கே கேட்கும் குரலில் கத்தினார். "எனக்குக் காது கேக்காது! ஆனா தரை அதிருது! கூட்ஸு ரயிலு, ஜங்ஷனை விட்டுக் கெளம்பிடுச்சு!"

மறுநாள் ஐந்து பேரும் மரத்தடிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு யாரை மாற்றிவிடுவது என்று ஒரு அட்டவணையே எழுதிக்கொண்டு வந்தார்கள். மன அமைதிக்காக நான் தொடங்கிய தோட்டத்தில் மயில்களுக்கு எதிராகக் காவல் போடப்பட்டது. கடலைக்கொல்லைக்காரர் வந்து எனக்கு நன்றி சொன்னார்.

நான் உளவியல் படித்தவள். சென்னையில் படிப்பு முடிந்து விருத்தாசலம் திரும்பிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், ஆறு மாதத்தில் தேனீப் பெட்டி, காளான், கம்பு பிஸ்கட் மூன்றையும் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டிருந்தேன். அப்போதுதான், போரிலும் விபத்திலும் உறுப்பு இழந்த சிப்பாய்களுக்குத் தோட்டமும் காடும் எப்படி மருந்தாகின்றன என்று இணையத்தில் ஒரு பாடம் கண்ணில் பட்டது. விடியும்வரை படித்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மாமாவுக்குப் போன் செய்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி, செராமிக் பேட்டையில் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிறார்கள். யூனிட்டின் பின்னால், உடைந்த பொம்மைகளின் குவியலுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவில் கொஞ்சம் செம்மண் நிலம் சும்மா கிடந்தது.

"இது எத்தனை நாளைக்கு?" என்றார் மாமா.

"இது வாழ்நாள் பூராவும், மாமா."

"தேனீக்கும் அதான் சொன்ன. அது என்னைக் கொட்டிட்டுப் போச்சு."

ஆனாலும் கொடுத்தார். பக்கத்து யூனிட்டில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய பெரிய பீங்கான் குழாய்களைக் கேட்டு வாங்கி, நட்டுக்குத்தலாக நிறுத்தி, உள்ளே மண் நிரப்பினோம். இடுப்பு உயரத்துக்குத் தொட்டி தயார். குனிய முடியாதவர்கள் நின்றபடி கத்தரி நடலாம். சக்கர நாற்காலியில் வருபவர் உட்கார்ந்தபடி கீரை கிள்ளலாம். நல்லூர், சேத்தியாத்தோப்பு பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஐந்தாவது ஆள்தான் இந்தக் கதைக்குரியவர். கருவேப்பிலங்குறிச்சிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பனிமலையில் லாரி கவிழ்ந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. செயற்கைக் காலோடு நடப்பது பேன்ட் போட்டால் தெரியவே தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரி. எனக்கு மிலிட்டரி அண்ணே. நான் ஒவ்வொரு வாரமும் கொடுக்கும் தாளில் 'உங்கள் மனநிலை ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் ஏதாவது எண் போடுவார்கள். அவர் மட்டும் 'ஓகே' என்று எழுதித் தருவார்.

"அண்ணே, ஓகேன்னு எழுதுனா நான் எப்படிண்ணே கணக்கெடுக்கறது?"

"டாக்டரம்மா," என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. "என் மனசு நல்லாத்தான் இருக்குது. கால்தான் சேத்துல நிக்க மாட்டேங்குது. அதுக்கு ஒங்க புக்குல எதனா இருக்குதா?"

அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. நடவன்று காலையில் வீட்டுக்குப் பெரியவன் தண்ணீர் நுழைகிற மடையில் இறங்கி, சேற்றிலேயே நடந்து, வயலைக் குறுக்கே கடந்துபோய், ஈசானி மூலையில் முதல் நாற்றுக் கொத்தை நட வேண்டும். அதன் பிறகுதான் நடவுக்காரப் பெண்கள் இறங்குவார்கள். கால் போனதிலிருந்து அதை அவருடைய தம்பி செய்கிறான்.

"வரப்பு மேல சுத்திக்கிட்டுப் போயி, மூலைல நின்னு குனிஞ்சு நட்டுறலாமே அண்ணே?"

"வரப்புல நின்னு கைய நீட்டுறது ஆபீசர் வேலம்மா. நான் சிப்பாயி."

இந்த வருடம் அவரே இறங்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது, அது மட்டும்தான். தோட்டம், மயில், கத்தரி எல்லாமே அதற்கான ஒத்திகை என்று அவர் முதல் நாளிலிருந்தே முடிவு செய்துவிட்டிருந்தார். நடவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைவிட நல்ல சிகிச்சை எந்தப் பாடத்தில் உண்டு!

என் இரண்டாவது தவறு கம்பூட்ஸ்.

முழங்கால் உயரத்துக்கு வரும் ரப்பர் பூட்ஸ், கடைத்தெருவில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, அவர் வயலுக்கு ஓட்டமாய் ஓடினேன். உழுது கலக்கிவிட்டிருந்த வயல், கஞ்சி மாதிரி சேறு. பக்கத்து வயலில் பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இறங்கினார். இரண்டடி வைத்தார். நான் வரப்பில் நின்று கைதட்டினேன். மூன்றாவது அடியில் இடது பூட்ஸ் புதைந்தது. இழுத்தார். சேறு விடவில்லை. இன்னும் பலமாய் இழுத்தார். கால் வந்துவிட்டது, அதாவது அவருடைய கால் வந்துவிட்டது, செயற்கைக் கால் பூட்ஸோடு அங்கேயே நின்றது. வயலின் நடுவே, நிமிர்ந்து, தனியாக.

பக்கத்து வயலில் சிரிப்பு கிளம்பியது. உடனே யாரோ "ஏய், சும்மா இருங்கடி" என்றார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த நிறுத்தம்தான் அவரை அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் முகம் இறுகிப்போனது. தம்பி வந்து தோள் கொடுத்துக் கரையேற்றினான். ஒரு கொக்கு வந்து செயற்கைக் காலின் பக்கத்தில், தானும் ஒரு காலில், நின்றுகொண்டது.

அதற்கப்புறம் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. முதல் வாரம் காய்ச்சல் என்றார். அடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. ஹவில்தார் அவருடைய காவல் நேரத்தையும் சேர்த்துத் தானே நின்றார். "ஆளு குறையுது டாக்டரம்மா!" என்று முந்திரித் தோப்பு அதிரக் கத்தினார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தேன். யோசிப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது.

மாமாவின் யூனிட்டில் அச்சுப் பிரிவைப் பார்ப்பவர் ஒரு அக்கா. எந்தப் பொம்மை புதிதாக வந்தாலும் முதல் உருவத்தைச் செதுக்குவது, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பது எல்லாம் அவர் கைதான். எல்லோருக்கும் அச்சு அக்கா. கோயில் திருவிழாக்களுக்கு ஃபைபரில் மாடு, மயில், தலை எல்லாம் செய்து தருவதும் அவருக்குப் பக்கத் தொழில். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"செயற்கைப் பாதத்து மேல மாட்டிக்கிற மாதிரி ஃபைபர்ல ஒரு கூடு செஞ்சிரலாம்," என்றார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "வார் வச்சு மேல வரைக்கும் கட்டிட்டா கழண்டு வராது. அளவு கொண்டா."

அளவுக்கு நான் கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். அண்ணனின் மனைவி என்னைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டார். அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு குளிக்கப் போயிருந்தார். செயற்கைக் கால் கட்டிலோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"சீக்கிரம் வரைஞ்சிக்க. நாலு சொம்பு ஊத்திட்டாருன்னா வந்துருவாரு," என்றார் அண்ணி, காலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து.

செய்தித்தாளின் மேல் பாதத்தை வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். பதினோரு அங்குலம். உள்ளிருந்து "ஏம்மா, என் காலு எங்க?" என்று குரல் வந்தது. "தொடைக்கிறேங்க, அழுக்கா இருந்துது!" என்றார் அண்ணி, கண் இமைக்காமல். நான் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

இங்கே சுருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பீங்கான் மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டங்குலப் பொம்மை வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு உருவம் செய்ய வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடுதல். எங்கள் ஊரில் அச்சு வேலை செய்கிறவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. பீங்கான் ஊரில் பிறந்தும் எனக்கு இது அந்த வாரம்தான் தெரிந்தது, மாமா யாருக்கோ விளக்கும்போது ஒட்டுக்கேட்டு. தெரிந்துகொண்ட பெருமையில், பஸ்ஸில் வரும்போதே அளவுகோலை எடுத்து, பாதத்தின் படத்தைச் சுற்றி எட்டில் ஒரு பங்கு தள்ளிப் புதிய கோடு போட்டேன். பழைய கோட்டை அழித்தும் விட்டேன். அக்காவுக்கு வேலை மிச்சம் என்று நினைப்பு.

அன்று அக்கா லீவு. தாளை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தாள் கசங்கியிருக்கிறதே என்று மாமா அதைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்தார். வெட்டும்போது, கை பழக்கத்தில், எட்டில் ஒரு பங்கு சேர்த்து வெட்டினார். மறுநாள் அக்கா வந்து அட்டையைப் பார்த்து உருவம் செதுக்கினார். அவர் எதையும் அளந்த அளவுக்குச் செதுக்கியதே கிடையாது. இருபது வருடமாக அவர் கண்ணே எட்டில் ஒரு பங்கு பெரிதாகத்தான் பார்க்கிறது.

நடவுக்கு முதல் நாள் மதியம் ஃபைபர் கூட்டை அச்சிலிருந்து பிரித்து மேசை மேல் வைத்தார்கள். மாமா, அக்கா, நான், மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"என்னாடி இது," என்றார் அக்கா. "யாருக்கு இந்தக் காலு? கோபுர வாசல்ல நிக்கிற பூதத்துக்கா?"

அளந்தேன். ஏறக்குறைய பதினாறு அங்குலம். அகலமும் அதற்கேற்ப.

"அக்கா, சுருக்கம் சேர்த்தீங்களா?"

"சேக்காம?"

"நான் ஏற்கெனவே சேர்த்துட்டேனே!"

மாமா மெல்ல, "அட்டையில நானும் சேத்தேன்," என்றார்.

அக்கா அட்டையை எடுத்துப் பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவே, "ஏம்மா, ஃபைபரு எதுக்குச் சுருங்கும்? இத நாம சூளையிலயா போடப் போறோம்?" என்றார்.

அவ்வளவுதான். அக்கா முதலில் சிரித்தார், வெற்றிலைச் சாறு சேலையில் சிந்த. மாமா மேசையைப் பிடித்துக்கொண்டார். ஃபியூஸ் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை. வலி வந்த பிறகுதான் நாளைக்கு நடவு என்பது ஞாபகம் வந்தது. புது அச்சு எடுத்துக் காய வைக்க நேரமில்லை. அதற்கு மேல் இன்னொரு கோளாறும் தெரிந்தது: பாதத்தின் அடியில், குதிகால் பக்கம், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை.

"இது என்னக்கா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே கூடான பொம்மை எதுவானாலும் அடியில் ஓட்டை வைப்பார்கள். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று சூளையில் பொம்மையை வெடிக்க வைத்துவிடும். கை தன்பாட்டில் வைத்துவிட்டது.

"எடுத்துட்டுப் போ," என்றார் மாமா. "காட்டு. வேணாம்னா அவரே சொல்லட்டும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மடியில் அந்தப் பெரிய பாதத்தோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். துண்டு போதாமல் விரல்கள் வெளியே தெரிந்தன. அக்கா விரல்களையும் நகங்களையும்கூட அழகாகச் செதுக்கியிருந்தார். கண்டக்டர் இரண்டு முறை பார்த்தார், கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் ஹவில்தார். நடவு பார்க்க வருகிறேன் என்று தொற்றிக்கொண்டிருந்தார். "பூஜைக்கா?" என்று பஸ்ஸுக்கே கேட்கக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வயலில் எல்லோரும் வந்திருந்தார்கள். நடவுக்காரப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நாற்று முடியோடு மடைப்பக்கம் நின்றிருந்தான். அண்ணன் தூரத்தில், வேப்பமரத்தடியில், யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி. துண்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். சுருக்கம், சூளை, மூன்று பேர், மூன்று முறை, ஓட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்குக் குளிக்கப் போனப்ப காலக் காணோம்னு தேடுனேனே. அது இதுக்குத்தானா?"

"ஆமாண்ணே."

அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் கட்டைவிரல் நகத்தைத் தடவினார். உதடு துடித்தது. நான் போச்சு என்று கண்ணை மூடினேன். வந்தது சிரிப்பு. இரண்டு வாரம் அடைத்து வைத்திருந்த சிரிப்பு, தும்மல் மாதிரி வெடித்தது. "நகம் வேற வெட்டி விட்டுருக்காங்கடா!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வரப்பில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் சும்மா இரு என்று அதட்டவில்லை.

ஹவில்தார் குனிந்து பாதத்தைத் தட்டிப் பார்த்தார். "டேய், பனியில போட்டுக்கிட்டு நடப்போமே, அகலமா, கால்ல கட்டிக்கிட்டு! அது மாதிரியே இருக்குதுடா!"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். அகலத்தைச் சாண் போட்டு அளந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து நின்றது.

"ஆமாண்ணே," என்றார். "அதான் புதையாது."

தேங்காய் நாரை உள்ளே திணித்து, சைக்கிள் டியூப் வார்களால் முழங்காலுக்கு மேல்வரை இறுக்கிக் கட்டினோம். தம்பி நாற்று முடியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றான். அண்ணன் மடையில் இறங்கினார். வெறும் வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. இடது கால் சேற்றின் மேல் தட்டு மாதிரி உட்கார்ந்தது. எடுத்தார். சேறு பிடித்து இழுத்தது. அப்போது குதிகால் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய், சேறு பிடியை விட்டது.

பளக்.

"சத்தத்தப் பாரு!" என்று ஒரு பெண் கூவினாள். "எரும மாடு தோத்துது போ!"

"எரும நேரா நடக்கும்," என்றாள் இன்னொருத்தி. "யோவ் மிலிட்டரி, லெஃப்ட் ரைட்டு கோணுது பாரு!"

"ரைட்டு சரியாத்தான் போவுது. லெஃப்டுதான் இன்னும் ட்ரெய்னிங்ல இருக்குது!" என்றார் அண்ணன், திரும்பாமல்.

பளக். பளக். வயலைக் குறுக்கே கடந்து, ஈசானி மூலையில் நின்று, குனிந்து, முடியிலிருந்து முதல் கொத்தை எடுத்து நட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். ஹவில்தாருக்கு அது கேட்டதோ இல்லையோ, சல்யூட் வைத்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. குதித்தேன் என்று அண்ணி பிறகு சொன்னார்.

அப்புறம் அண்ணன் திரும்பினார். பதினாறு அங்குலக் காலோடு சேற்றில் திரும்புவதைப் பற்றி நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. வாத்து மாதிரி ஒரு வட்டம் போட்டுத்தான் திரும்ப முடிந்தது. அந்த வட்டத்தின் கடைசியில், பெரிய கால் நேராக முதல் நாற்றின் மேலேயே இறங்கியது.

குலவை பாதியில் நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் காலைத் தூக்கிக் கீழே பார்த்தார். நாற்று சேற்றோடு சேறாக, தட்டையாகக் கிடந்தது.

"அண்ணே," என்றான் தம்பி மெதுவாக, "நான் வரட்டா?"

"வராத," என்றார் அண்ணன். "நீ இத்தினி வருஷம் நட்டுட்ட. இன்னிக்கி நான் எத்தினி தடவ வேணும்னாலும் நடுவேன்." குனிந்து, நசுங்கியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையிலிருந்த மிச்சத்தில் இன்னொரு கொத்தை எடுத்து அதே இடத்தில் நட்டார். பிறகு பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. கரையேறும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"மூலையோட வந்துடணும், வழக்கம் அதான்!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"எவ வழக்கம்? எறங்குங்கடி, டீ வர்றதுக்குள்ள நாலு பாத்தி போவணும்!"

"ஐயோ, மிலிட்டரி ஆர்டரு!" என்று முணுமுணுத்துக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி இறங்கினார்கள். அவருடைய வரிசை கோணலாகப் போவதை அவர்கள் விடாமல் சொல்லிக்காட்டினார்கள். அவரும் விடாமல் பதில் சொன்னார்.

என் பையில் மனநிலைக்கு எண் கேட்கும் வாரத் தாள் இருந்தது. எடுக்கவில்லை. வரப்பில் ஹவில்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கால்களைச் சேற்றுக்குள் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், பத்து நிமிடம், நான் அவர்களுக்குச் சொன்ன மாதிரியே.

"என்னா கேக்குது?" என்று காதருகே கத்தினார் ஹவில்தார்.

கண்ணைத் திறக்காமல் அவர் கையைப் பிடித்து, அவருக்குக் கேட்கும்படி நானும் கத்தினேன்.

"கிழக்கே! இருபது மீட்டர்! பளக்!"